லினக்ஸ் பயன்படுத்துபவர் இணைய இணைப்பு எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி இதுதான்: வீட்டுக் கணினியை முழுக்க லினக்ஸுக்கு மாற்றியாயிற்று. இப்போது புது இணைய இணைப்பு எடுக்க வேண்டும். ஒரு நிறுவனத்துக்குப் போன் செய்து கேட்டால், "விண்டோஸ், மேக் மட்டும்தான் சப்போர்ட், லினக்ஸ் கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் லினக்ஸை ஆதரிக்கும் நிறுவனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். அந்தப் பதிலைக் கேட்டு, உங்கள் கணினியில் அவர்களுடைய இணைப்பு வேலை செய்யாது என்று நினைத்துவிடாதீர்கள். போனில் பேசுகிறவர் கையில் இருக்கும் குறிப்பில் லினக்ஸ் திரைகள் இல்லை, அவ்வளவுதான். லினக்ஸில் அருமையாக ஓடும் இணைப்பைத் தருகிற நிறுவனங்கள் கூட இந்தப் பதிலைத்தான் சொல்லும். "லினக்ஸா, தாராளமாக!" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள் ஒரு பூட்டிய பெட்டியை வைத்து, முகவரியை நூறு பேருக்குப் பகிர்ந்து, போர்ட்டுகளை (தரவு வந்து போகும் எண்ணிட்ட வாசல்களை) அடைத்து வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். கம்பி வீட்டுக்குள் வந்து முடியும் இடத்தில் என்ன இருக்கிறது, அது யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். லினக்ஸ்காரருக்கு நல்ல நிறுவனம் எது என்பது அங்கேதான் தெரியும்.

உங்கள் கவலைக்கு ஒரு காலத்தில் உண்மையான காரணம் இருந்தது. டயல்-அப் நாட்களில் 'வின்மோடம்' என்று ஒரு வகை வந்தது. சிக்னலைக் கையாள வேண்டிய சில்லை மோடத்திலிருந்து எடுத்துவிட்டு, அந்த வேலையைக் கணினியின் ப்ராசஸர் தலையில் கட்டினார்கள். அதற்கான டிரைவர் பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டுமே வந்தது. லினக்ஸ் வைத்திருந்தவர்கள் சீரியல் போர்ட்டில் செருகும் வெளி மோடத்தைத் தேடிப்பிடித்து வாங்கினார்கள். அப்புறம் தொலைபேசிக் கம்பி வழியாகவே வேக இணையம் தரும் டிஎஸ்எல் வந்தது. இணைப்போடு கொடுத்த யுஎஸ்பி மோடங்களிலும் இதே கதை. ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) கோப்பைத் தனியாகப் பிரித்தெடுத்து ஏற்றினால்தான் விளக்கே எரியும்.

இன்று கணினிக்கும் கம்பிக்கும் நடுவில் ரூட்டர் வந்து உட்கார்ந்துவிட்டது. கணினி பேசுவது ஈதர்நெட் அல்லது வைஃபை. நிறுவனத்தின் பக்கமிருந்து பார்த்தால் தெரிவது ரூட்டர் மட்டும்தான். அந்த ரூட்டருக்குள் ஓடுவதும் பெரும்பாலும் லினக்ஸின் மையப்பகுதியான கர்னல்தான். லிங்க்சிஸ் நிறுவனம் 2002 இறுதியில் விற்கத் தொடங்கிய டபிள்யூஆர்டி54ஜி ரூட்டருக்குள் லினக்ஸ் இருப்பதைப் பயனர்கள் கண்டுபிடித்துக் கேட்டார்கள். மூலநிரலையும் சேர்த்துத் தர வேண்டும் என்று சொல்லும் ஜிபிஎல் உரிமத்தின்படி 2003-இல் மூலநிரல் வெளியே வந்தது. அதிலிருந்து கிளைத்ததுதான் 2004-இல் தொடங்கிய ஓபன்டபிள்யூஆர்டி, ரூட்டர்களுக்கான திறந்த லினக்ஸ் மென்பொருள். "லினக்ஸ் கிடையாது" என்று சொன்னவரின் நிறுவனம் உங்கள் வீட்டில் வைக்கப்போகும் பெட்டியே ஒரு லினக்ஸ் கணினியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

சரி, அப்படியானால் எங்கே மாட்டிக்கொள்வோம்?

முதலாவது, உள்நுழைவு. இணைப்புக்குள் போக அந்த நிறுவனம் என்ன வழி வைத்திருக்கிறது என்று கேளுங்கள். டிஎச்சிபி என்றால் கவலையே இல்லை, கேபிளைச் செருகினால் முகவரி வந்துவிடும். பிபிபிஓஇ என்றால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுப்பார்கள். 1999-இல் ஆர்எஃப்சி 2516 என்ற இணைய நெறி ஆவணமாக வெளிவந்த பழைய முறை அது, லினக்ஸில் இணைப்புகளை அமைக்கும் நெட்வொர்க்மேனேஜரிலேயே அதற்கு இடம் இருக்கிறது. 802.1எக்ஸ் (அடையாளத்தைச் சரிபார்த்து உள்ளே விடும் முறை) என்றாலும் கம்பி இணைப்பிலேயே டபிள்யூபிஏ சப்ளிகன்ட் என்ற நிரல் அதைச் செய்துவிடும். உலாவியில் ஒரு பக்கம் திறந்து அதில் கடவுச்சொல் போடுவது என்றால் எரிச்சல்தான், ஆனாலும் ஓடும். "எங்கள் லாகின் மென்பொருளை நிறுவிக்கொள்ள வேண்டும்" என்று சொல்லி அதை விண்டோஸுக்கு மட்டும் வைத்திருந்தால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். உண்மையாகவே லினக்ஸுக்கு ஒத்துவராத நிறுவனம் என்று நான் கருதுவது இந்த வகையை மட்டும்தான். அந்த மென்பொருளின் நெறிமுறையை யாரோ ஆராய்ந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கலாம். ஆனால் நிறுவனம் ஒரு சின்ன மாற்றம் செய்த இரவில் அது உடைந்துபோகும், அப்போது யாரிடமும் முறையிட முடியாது.

இரண்டாவது, பெட்டி. ஃபைபர் இணைப்பில் ஒளியை மின்சிக்னலாக மாற்றும் ஓஎன்டி பெட்டியின் தொடர் எண்ணை நிறுவனம் தன் பக்கம் பதிவு செய்து வைத்திருக்கும். கேபிள் டிவி வழி இணைப்பில் மோடத்துக்கே உரிய அடையாள எண்ணான மேக் முகவரி அப்படிப் பதிவாகும். இவற்றை அவர்களிடமிருந்தே வாங்கிக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பெட்டியிலேயே ரூட்டரும் வைஃபையும் சேர்ந்து வந்தால், "பிரிட்ஜ் மோடில் போட்டுத் தருவீர்களா?" என்று கட்டாயம் கேளுங்கள். பிரிட்ஜ் மோடில் அந்தப் பெட்டி சிக்னலை மாற்றுவதோடு நின்றுவிடும். மற்ற வேலைகளை உங்கள் ரூட்டர் பார்த்துக்கொள்ளும். கூடவே விஎல்ஏஎன் எண் (ஒரே கம்பியில் போகும் வலையமைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்) என்ன, பிபிபிஓஇ கடவுச்சொல்லைக் கையில் தருவீர்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் சம்மதித்துவிட்டு இந்த இரண்டையும் மட்டும் தர மறுக்கிற இடங்கள் உண்டு. அவை இல்லாமல் உங்கள் ரூட்டர் சும்மா பெட்டிதான்.

பெட்டி விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கக் காரணம் இருக்கிறது. அவர்கள் வைத்த ரூட்டரை அவர்கள் தூரத்திலிருந்தே நிர்வகிக்கிறார்கள். டிஆர்-069 என்ற நெறிமுறை அதற்காகவே இருக்கிறது. அமைப்பு மாறும், நீங்கள் திறந்த போர்ட் ஒரு நாள் காலையில் மூடியிருக்கும். இது பயனரின் உரிமை சார்ந்த விஷயம் என்று சட்டமே ஒத்துக்கொண்ட இடங்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015-ஆம் ஆண்டு விதிமுறை, தமக்கு விருப்பமான கருவியைப் பயன்படுத்தும் உரிமையைப் பயனருக்குத் தருகிறது. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், நிறுவனம் தன் ரூட்டரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. உங்கள் நாட்டுச் சட்டம் எப்படி இருந்தாலும், ஒப்பந்தத்தில் சொந்த ரூட்டர் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மூன்றாவது முகவரி. லினக்ஸ் பழகியவர்கள் சீக்கிரமே ஒரு ஆசைக்கு வந்துவிடுவார்கள்: வெளியூரிலிருந்து வீட்டுக் கணினிக்குள் எஸ்எஸ்எச் என்ற தொலைக் கட்டளை முறை வழியாக நுழைவது, படங்களைச் சொந்த சர்வரில் வைப்பது, சின்னதாக ஒரு இணையதளம். இன்று வேண்டாம் என்று நினைத்தாலும் ஆறு மாதத்தில் வேண்டும் என்பீர்கள். அதற்கு வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி வேண்டும்.

இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4-இல் முகவரி 32 பிட் நீளம், மொத்தமே சுமார் 429 கோடி. உலகளாவிய பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3-ஆம் தேதியே தீர்ந்துவிட்டது. அதனால் பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை அடுக்குகின்றன. இதற்கு சிஜிநாட் என்று பெயர். இப்படி அடுக்குவதற்கென்றே 100.64-இல் தொடங்கி 100.127 வரை போகும் ஒரு முகவரித் தொகுதியை 2012-இல் ஒதுக்கினார்கள். கண்டுபிடிப்பது எளிது. ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். உங்கள் முகவரியைக் காட்டும் ஏதாவது ஒரு தளத்தையும் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. ரூட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127-க்குள் விழுந்தால் அல்லது 10-இல் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. இணைப்பு எடுப்பதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ள, அதே நிறுவனத்தின் இணைப்பு உள்ள பக்கத்து வீட்டுக்காரரின் ரூட்டரைப் பார்க்கச் சொல்லிக் கேட்பதுதான் நான் கண்ட நம்பகமான வழி. விற்பனைப் பிரிவில் இருப்பவர்களுக்கு இந்தச் சொல்லே தெரியாமல் இருக்கலாம். அவர்களிடம் "பொது ஐபி கிடைக்குமா, நிலையான ஐபி தனியாக வாங்கிக்கொள்ளலாமா" என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

புதிய, நீண்ட முகவரி முறையான ஐபிவி6 இருக்கிறதா என்பதையும் விடாமல் கேளுங்கள். இருந்தால் எவ்வளவு தருகிறார்கள் என்பதும் முக்கியம். ஒரே ஒரு /64 (சாய்கோட்டுக்குப் பின் எண் சிறிதானால் முகவரித் தொகுதி பெரிது) என்றால் வீட்டில் ஒரு வலையமைப்பு மட்டும்தான் ஒழுங்காக அமைக்க முடியும். /56 கொடுத்தால் 256 தனித்தனி வலையமைப்புகள், /48 என்றால் 65,536. விருந்தினர் வைஃபை ஒன்று, சர்வர்களுக்கு ஒன்று, கேமரா மாதிரி நம்ப முடியாத கருவிகளுக்கு ஒன்று என்று பிரிக்க நினைப்பவருக்கு /56 போதும். நல்ல ஐபிவி6 இருந்தால் சிஜிநாட்டின் வலி பாதி குறையும், ஏனென்றால் வீட்டிலுள்ள ஒவ்வொரு கணினிக்கும் வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி கிடைத்துவிடுகிறது. அதனாலேயே ரூட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் இயங்குகிறதா என்று உடனே பார்த்துவிடுங்கள். பல கருவிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கும் நாட் என்ற மறைப்பு இங்கே கிடையாது. பொது ஐபிவி4, ஐபிவி6 இரண்டுமே கிடைக்காத ஊரில் இருந்தால், வெளியே ஒரு சின்ன வாடகை சர்வர் எடுத்து, அதற்கும் வீட்டுக்கும் நடுவில் வயர்கார்டு என்ற விபிஎன் சுரங்கம் போடலாம். வயர்கார்டு கர்னல் 5.6-இலிருந்து உள்ளேயே இருப்பதால் தனியாக மாட்யூல் கட்ட வேண்டியதில்லை. ஓடும், ஆனால் மாதாமாதம் இன்னொரு பில்.

போர்ட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்னஞ்சலுக்கான, வெளியே போகும் 25-ஐப் பல நிறுவனங்கள் ஸ்பேம் காரணமாக அடைத்து வைத்திருக்கும். மின்னஞ்சல் அனுப்ப 587 அல்லது 465 போதும். இணையதளத்துக்கான, உள்ளே வரும் 80, 443 இரண்டையும் அடைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் சர்வர் வைப்பதை ஒப்பந்தம் தடை செய்கிறதா என்றும் பாருங்கள்.

தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் இன்னொரு தொல்லை. இல்லாத ஒரு பெயரைக் கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வர வேண்டும். சில நிறுவனங்கள் அதற்குப் பதிலாகத் தங்கள் விளம்பரப் பக்கத்தின் முகவரியைக் கொடுக்கின்றன. உலாவியில் இது ஒரு சின்ன எரிச்சல். ஸ்கிரிப்ட் எழுதுபவருக்கோ, 'இந்தப் பெயர் இருக்கிறதா' என்று பார்க்கும் ஒவ்வொரு சோதனையும் பொய் சொல்லத் தொடங்கிவிடும். டிஎன்எஸ்ஸிடம் நேரடியாகக் கேட்கும் டிக் கட்டளையில் வாய்க்கு வந்த ஒரு பெயரைப் போட்டுப் பாருங்கள்; ஏதாவது முகவரி வந்தால் கை வைக்கிறார்கள் என்று பொருள். லினக்ஸில் பெயர் தேடலைக் கவனிக்கும் சிஸ்டம்டி-ரிசால்வ்டில், கேள்வியைக் குறியாக்கி அனுப்பும் டிஎல்எஸ் வழி டிஎன்எஸ்ஸை இயக்கி, 853 போர்ட் வழியாக நம்பகமான வேறொரு சர்வருக்குப் போய்விடலாம். என்னைக் கேட்டால், டிஎன்எஸ் பதிலில் கை வைக்கிற நிறுவனத்தை முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். தீர்வு இருக்கிறது என்பதற்காக அந்த நடத்தையை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே குழியில் நிறையப் பேர் விழுகிறார்கள். புது பிபிபிஓஇ இணைப்பு எடுத்த முதல் வாரம். பெரும்பாலான தளங்கள் திறந்தன, சில தளங்கள் பாதியில் நின்றன. எஸ்எஸ்எச்சில் உள்ளே போக முடிந்தது, சின்னக் கட்டளைகளுக்குப் பதில் வந்தது, ஆனால் நீளமான பட்டியல் ஒன்றைக் கேட்டால் திரை அப்படியே உறைந்துவிடும். வாடிக்கையாளர் சேவையில் கேட்டதும் "லினக்ஸ்தான் காரணம், விண்டோஸில் பாருங்கள்" என்றார்கள். நானும் இரண்டு நாள் என் கணினியைத்தான் சந்தேகப்பட்டேன். நண்பரின் விண்டோஸ் மடிக்கணினியைக் கொண்டுவந்து செருகினால் அதே தளங்கள் அதே இடத்தில் நின்றன.

காரணம் பொட்டலத்தின், அதாவது தரவு பிரிந்து போகும் துண்டின், அளவு. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரை போகலாம். பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் மிச்சம் 1492. அதைவிடப் பெரிய பொட்டலம் வந்தால், "பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு" என்று ஐசிஎம்பி (வலையமைப்பின் அறிவிப்பு முறை) செய்தி திரும்பிப் போக வேண்டும். வழியில் யாராவது பாதுகாப்பு என்ற பெயரில் எல்லா ஐசிஎம்பியையும் தடுத்து வைத்திருந்தால் அந்தச் செய்தி போய்ச் சேராது. அனுப்பியவர் பெரிய பொட்டலத்தையே திரும்பத் திரும்ப அனுப்புவார், அது திரும்பத் திரும்பத் தொலையும். சின்னப் பதில்கள் வந்து பெரியவை நின்றதற்கு இதுதான் காரணம். சோதிக்க, பொட்டலம் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையில் 'உடைக்காதே' என்ற குறியோடு 1472 பைட் அனுப்புங்கள். தலைப்புகளின் 28 பைட் சேர்ந்தால் 1500. அது போகாமல் 1464 போனால் உங்கள் எல்லை 1492. ரூட்டரில் எம்எஸ்எஸ் கிளாம்பிங் என்ற அமைப்பை இயக்கினால், டிசிபி இணைப்பு தொடங்கும்போதே அளவு 1452 ஆகக் குறைத்துப் பேசப்படும், சிக்கல் தீர்ந்துவிடும். அவர்கள் கொடுத்த ரூட்டரில் அந்த அமைப்பே கண்ணில் படவில்லை. என் ரூட்டரை மாற்றி வைத்த அன்றே எல்லாம் சரியானது. பெட்டி நம் கையில் இருக்க வேண்டும் என்று மேலே பிடிவாதம் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வேகத்தைப் பற்றி விளம்பரத்தில் பதிவிறக்க (டவுன்லோட்) எண்ணை மட்டும் பெரிதாகப் போடுவார்கள். பதிவேற்ற (அப்லோட்) வேகத்தைக் கேட்டு வாங்குங்கள். தொலை சர்வருக்கு பேக்கப் எடுப்பவருக்கு அதுதான் உயிர். மாத டேட்டா வரம்பும் பாருங்கள். டிஸ்ட்ரோ ஐஎஸ்ஓ கோப்புகள் பல ஜிபி. நாலைந்து கணினிகளுக்கு அப்டேட், சில கன்டெய்னர்கள் என்றால் சீக்கிரம் கரையும். எண்ணைவிட முக்கியமானது, பாரம் ஏறும்போது தாமதம் எவ்வளவு ஆகிறது என்பது. ஒரு பெரிய கோப்பை ஏற்றிக்கொண்டே இன்னொரு டெர்மினலில் பிங் ஓட்டுங்கள். 20 மில்லிசெகண்டில் இருந்தது 500-க்கு எகிறினால், வழியில் எங்கோ ஒரு பெட்டி பொட்டலங்களை மலைபோல் குவித்து வைத்துக்கொண்டிருக்கிறது. இதற்கான மருந்து லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே வளர்ந்தது: பொட்டல வரிசையைச் சீராக்கும் எஃப்க்யூ-கோடெல் 2012-இல் 3.5 பதிப்பில் வந்தது, அதே வேலைக்கான கேக் 2018-இல் 4.19-இல் வந்தது. உங்கள் ரூட்டரில் கேக்கை இயக்கி, வேகத்தை உண்மையான வேகத்தைவிடப் பத்து சதவீதம் போலக் குறைத்து வைத்தால், வரிசை உங்கள் ரூட்டரிலேயே நிற்கும், அதை அது நியாயமாகப் பங்கிட்டு அனுப்பும். வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டே பேக்கப் ஓடும்.

மொபைல் இணைப்பைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்றால் ஒரு தனி எச்சரிக்கை. யுஎஸ்பி டாங்கிள்கள் பலவும் செருகியவுடன் தங்களை ஒரு சிடி டிரைவாகக் காட்டிக்கொள்ளும். அதில் விண்டோஸ் டிரைவர் இருக்கும். யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற கருவி அதை மோடமாக மாற்றும், பிறகு மோடம்மேனேஜர் என்ற நிரல் இணைப்பைப் பார்த்துக்கொள்ளும். பெரும்பாலும் தானாகவே நடந்துவிடும். ஆனாலும் வாங்க முடிந்தால் டாங்கிளை விட்டுவிட்டு, சிம் போட்டு வைஃபையும் ஈதர்நெட்டும் தரும் தனி ரூட்டரை வாங்குங்கள், டிரைவர் பேச்சே எழாது. போனிலிருந்து இணையத்தைப் பகிர்ந்து பயன்படுத்துவது என்றால் அந்தத் திட்டம் பகிர்வதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். பொட்டலத்தின் டிடிஎல் எண் (இன்னும் எத்தனை கருவிகளைத் தாண்டலாம் என்ற கணக்கு) போனைத் தாண்டும்போது ஒன்று குறைவதை வைத்து, பகிர்வதைக் கண்டுபிடித்து வேகத்தைக் குறைக்கும் நிறுவனங்கள் உண்டு.

இணைப்போடு சேர்த்து ஆன்டிவைரஸ், டிவி ஆப் என்று மூட்டை கட்டிக் கொடுத்தால், அவை இல்லாத திட்டம் என்ன விலை என்று கேளுங்கள். அந்த ஆன்டிவைரஸ் உங்களுக்குப் பயன்படாது. வீடியோ சேவைகள் சிலவற்றில், பிரதி பாதுகாப்பு காரணமாக லினக்ஸ் உலாவிக்குக் குறைந்த தெளிவுதான் வரும். அதற்காகவே பணம் கட்டுகிறீர்கள் என்றால் யோசித்துக் கட்டுங்கள்.

இனி வாடிக்கையாளர் சேவை. லினக்ஸ் தெரிந்த ஆளை எதிர்பார்க்காதீர்கள். கம்பி பற்றிப் பேசத் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். இணைப்பு எடுக்கும் முன்பே சேவை எண்ணுக்கு ஒருமுறை போன் செய்து, "இணைப்பு வந்த பிறகு என் ஓஎன்டியில் வரும் ஒளியின் அளவை உங்கள் பக்கமிருந்து பார்த்துச் சொல்ல முடியுமா, ஐபிவி6-இல் எவ்வளவு தருகிறீர்கள்?" என்று கேளுங்கள். முதல் ஆளுக்குத் தெரியாவிட்டாலும் தெரிந்தவரிடம் மாற்றிவிட்டால் அந்த நிறுவனத்தை நம்பலாம். பழுது வந்த பிறகு பேசும்போது, எந்த இயங்குதளம் என்று கேட்டால் மறைக்க வேண்டாம். லினக்ஸ் என்று சொல்லிவிட்டு, உடனே பேச்சை ரூட்டருக்குக் கொண்டுவந்துவிடுங்கள். "எல்ஓஎஸ் (சிக்னல் இல்லை) விளக்கு சிவப்பாக இருக்கிறது", "ரூட்டரின் பக்கத்தில் வெளிப்பக்க முகவரி காலியாக இருக்கிறது", "ஓஎன்டியில் ஒளி அளவு -29 டிபிஎம் காட்டுகிறது" என்று சொன்னால் ஸ்டார்ட் மெனுவைக் கிளிக் செய்யச் சொல்ல அவர்களுக்கு வழி இருக்காது. டிபிஎம் என்பது ஒளி வலிமையின் அலகு; பரவலாக உள்ள ஜிபான் வகை ஃபைபர் கருவிகளில் -27-க்குக் கீழே போனால் சிக்னல் ஆபத்தான இடத்தில் இருக்கிறது, ஃபைபரைத்தான் பார்க்க வேண்டும். இடையில் பொட்டலம் தொலைகிறது என்றால் வழியிலுள்ள ஒவ்வொரு கணுவையும் சோதிக்கும் எம்டிஆர் கருவியை நூறு சுற்று ஓட்டி, தொலைவது கடைசிவரை தொடர்கிறதா என்று பார்த்துவிட்டு அந்த வெளியீட்டை அனுப்புங்கள். நடுவில் ஒரு கணு மட்டும் இழப்பைக் காட்டி அதற்கு அடுத்தவை சரியாக இருந்தால் அது பழுது இல்லை; அந்தக் கணு பிங்குக்குப் பதில் சொல்வதைக் குறைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

நீண்ட ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்ளாமல், முதலில் ஒரு மாதத்துக்கோ, வேண்டாமென்றால் விலகிக்கொள்ளும் அவகாசத்தோடோ எடுங்கள். இணைப்பு பொருத்த ஆள் வரும் நாளில் ஒரு லைவ் யுஎஸ்பியை (நிறுவாமலேயே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவ்) தயாராக வைத்திருங்கள். "ஆக்டிவேட் செய்ய விண்டோஸ் வேண்டும்" என்று அவர் சொன்னால் போன் உலாவியிலேயே முடித்துவிடலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் முடிந்துவிடும். அவர் கிளம்புவதற்கு முன்பே கேபிளை உங்கள் கணினியில் செருகி, முகவரி வருகிறதா, ரூட்டர் காட்டும் முகவரியும் வெளியே தெரியும் முகவரியும் ஒன்றா, ஐபிவி6 பிங் போகிறதா, 1464 பைட் பிங் உடையாமல் போகிறதா, இல்லாத பெயருக்கு டிக் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. பிபிபிஓஇ கடவுச்சொல்லையும் விஎல்ஏஎன் எண்ணையும் அவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அவர் போன பிறகு அதை வாங்குவதற்கு நாலு போன் செய்ய வேண்டியிருக்கும்.